அடிக்கவும் நிறுத்தவும்: தனி டிரம் வாசிப்பின் வரலாறும் நம் பறையும்

ஆங்கிலத்தில் 'பரையா' என்றொரு சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவர், எவரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள். ஒரு நாட்டை உலக அரங்கில் தள்ளிவைக்க வேண்டும் என்றால்கூட ராஜதந்திரிகள் கூசாமல் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் அதன் வேர் எங்கே போய் முடிகிறது என்று தெரியும்: தமிழ்ப் 'பறையர்', அதற்குள் இருக்கும் 'பறை'. ஒரு தோல்கருவியின் பெயர் ஒரு சாதியின் பெயராகி, காலனிய அதிகாரிகளின் நாவில் ஏறி, உலகம் முழுவதும் வசைச்சொல்லாகப் பரவியிருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்று பெருமை பேசுகிறவர்கள் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் சொல்வார்கள். இந்தச் சொல்லுக்கு வரும்போது மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பறைதல் என்றால் தமிழில் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுதான் அன்றாடச் சொல். தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களைப் பட்டியலிடும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. பேசும் கருவி எப்படி இழிவின் அடையாளமாக்கப்பட்டது என்று நாம் பல முறை எழுதியும் பேசியும் இருக்கிறோம். இந்தக் கட்டுரையில் வேறொரு பக்கத்தைப் பார்க்கலாம். பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட தோல்கருவி, உலகின் இன்னொரு மூலையில், ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்களின் கையில், எப்படித் தனியாக மேடையேறியது? அதற்கு என்னென்ன தேவைப்பட்டன?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் இருக்கிறது. நம் மாணவர் கூட்டங்களில் ஒரு விவாதம் ஓயாமல் நடக்கிறது. பறையை விட்டொழிக்க வேண்டும், சாவுக்கு அடிக்கும் இழிதொழிலின் சின்னத்தை நாமே ஏன் தோளில் சுமக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பறை நம் விடுதலையின் இசை, அதை நிமிர்ந்து நின்று அடிக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புக்குப் பின்னாலும் வலியும் போராட்ட வரலாறும் இருக்கின்றன. ஒன்றைக் கைதட்டி மற்றொன்றை உட்காரவைப்பதால் இந்த விவாதம் தீராது. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அமெரிக்கக் கறுப்பின மக்களின் தனி டிரம் வரலாறு நமக்கு உதவும். அவர்களோடு நமக்குப் பழைய உறவு உண்டு. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்த உறவை இசை வழியாகவும் தொடரலாம்.

தடை செய்யப்பட்ட முழவு

1739 செப்டம்பர் 9. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 20 பேர் ஆயுதங்களைக் கைப்பற்றிக் கிளம்பினார்கள். ஸ்பெயின் ஆட்சியில் இருந்த புளோரிடாவுக்குப் போனால் விடுதலை என்பது அவர்கள் நம்பிக்கை. கொடியை உயர்த்தி, முழவை அடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு வழியில் மேலும் பலர் சேர்ந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1740இல், அந்தக் குடியேற்றம் ஒரு கொடுஞ்சட்டம் போட்டது. அடிமைகள் எழுதக் கற்கக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது என்ற விதிகளோடு, முழவும் கொம்பும் உரத்து ஒலிக்கும் எந்தக் கருவியும் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது.

எழுத்தையும் முழவையும் ஒரே சட்டத்தில் தடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முழவு பேசும் என்பது ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செய்தி போகும், ஆள் திரளும் என்று பயந்தார்கள்.

இங்கே நமக்கு நடந்தது என்ன? அங்கே அடிக்காதே என்றார்கள். இங்கே அடி என்றார்கள். ஊரில் சாவு விழுந்தால் அடி, திருவிழா என்றால் கோயிலுக்கு வெளியே நின்று அடி, ஊர்க்கூட்டத்துக்குத் தண்டோரா போடு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேர் எதிரான கட்டளைகள். வேர் ஒன்றுதான். தோல் எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதை அடிப்பவர் முடிவு செய்யக் கூடாது. ஆண்டையே முடிவு செய்வார்.

கையும் காலும் முழவாயின

தடை போட்டவர்கள் மரத்தையும் தோலையும் பறித்தார்கள். உடம்பைப் பறிக்க முடியவில்லை. கறுப்பின மக்கள் கையால் தொடையிலும் மார்பிலும் தட்டி, காலால் தரையை மிதித்துத் தாளத்தைக் காப்பாற்றினார்கள். 'பேட்டிங் ஜூபா' என்று அந்தக் கலைக்குப் பெயர். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நிலைமை கொஞ்சம் வேறு. 1817இல் அந்த நகரம் போட்ட ஆணை, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மேயர் குறிக்கும் ஒரே இடத்தில் மட்டும் கூடலாம் என்றது. காங்கோ சதுக்கம் என்று பெயர்பெற்ற திடல் அதுதான். ஆப்பிரிக்க முழவுகள் அங்கே வெளிப்படையாக ஒலித்தன. கட்டுப்படுத்துவதற்காகக் கொடுத்த இடம், நினைவைக் காப்பாற்றும் இடமாகிவிட்டது.

அடிமைமுறை ஒழிந்த பிறகு அதே நகரத்தில் பித்தளை வாத்தியக் குழுக்கள் பெருகின. ஊர்வலத்தில் ஒருவர் பெரிய டிரம், ஒருவர் சிறிய டிரம், ஒருவர் தாளத்தட்டு என்று ஆளுக்கொன்றாக அடித்தார்கள். நடன அரங்குக்குள் வந்தபோது அத்தனை பேருக்குக் கூலி கொடுக்க முதலாளிகளுக்கு மனமில்லை, இடமும் இல்லை. மூவர் வேலையை ஒருவர் தலையில் கட்டினார்கள். 1909இல் லுட்விக் சகோதரர்கள் உருவாக்கிய கால் மிதி வந்ததும் பெரிய டிரம்மைக் காலால் அடிப்பது சுலபமாயிற்று. கைகள் இரண்டும் மற்றக் கருவிகளுக்குக் கிடைத்தன. துருக்கியத் தாளத்தட்டு, சீன டாம்-டாம், ராணுவ ஸ்னேர் எல்லாம் ஒரே ஆளைச் சுற்றி வந்து அமர்ந்தன. இன்று உலகம் முழுவதும் மேடைகளில் நாம் பார்க்கும் 'டிரம் செட்' இப்படிப் பிறந்ததுதான். நான்கு கை கால்களும் நான்கு வேறு வேலை செய்யும் இந்தக் கலைக்குள் உழைப்புச் சுரண்டலின் தழும்பும் இருக்கிறது, அதை மீறிய அறிவும் இருக்கிறது.

ஆனாலும் டிரம்மரின் இடம் பின்வரிசைதான். அவர் வேலை காலம் பிடிப்பது. நடனம் ஆடுகிறவரின் கால் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது. மெட்டு வாசிப்பவர் 'இசைக்கலைஞர்'. டிரம்மர் வெறும் 'டிரம்மர்'. இசைக்குழுவில் எத்தனை இசைக்கலைஞர்கள், எத்தனை டிரம்மர்கள் என்று பிரித்துக் கேட்கும் கேலி இன்றும் அங்கே உலவுகிறது.

உட்கார்ந்து கேட்ட காதுகள்

1946இல் ஒரு சிறிய ஆனால் முக்கியமான காரியம் நடந்தது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த பேபி டாட்ஸ், லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்த மூத்த டிரம்மர், ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தார். உடன் எக்காளமும் இல்லை, பியானோவும் இல்லை. கருவியின் பாகங்களைப் பற்றி அவர் பேசியதும் வாசித்ததும் பின்னர் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தன. டிரம்மை மட்டும் கேட்பதற்கு ஒரு தட்டு என்பது அன்றைக்குப் புதுமை.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் பீபாப் என்ற புதிய ஜாஸ் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பொருளாதாரப் பின்னணியும் உண்டு. 1944இல், போர்க்காலத்தில், ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகள்மீது அமெரிக்க அரசு 30 சதவீத வரி போட்டது. ஆடினால் வரி, பாடினால் வரி. கருவியிசையை உட்கார்ந்து கேட்டால் அந்த வரி இல்லை. பெரிய நடன அரங்குகள் திணறின. சிறிய விடுதிகளில் சிறிய குழுக்கள் வாசித்தன. கேட்பவர் கால்கள் ஓய்ந்தன, காதுகள் விழித்தன. நடனத்துக்குச் சேவகம் செய்யும் கட்டாயத்திலிருந்து டிரம்மரும் விடுபட்டார். கென்னி கிளார்க் என்ற டிரம்மர், காலம் பிடிக்கும் வேலையைப் பெரிய டிரம்மிலிருந்து தாளத்தட்டுக்கு மாற்றியிருந்தார். மற்றக் கையும் கால்களும் இப்போது பேசத் தொடங்கின.

அந்தப் பேச்சைத் தனி மொழியாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் மாக்ஸ் ரோச். 1924 ஜனவரி 10 அன்று வட கரோலினாவின் நியூலேண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் பெயர்ந்தது. தெற்கின் இனக்கொடுமையிலிருந்து வடக்கு நகரங்களுக்கு லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கிளம்பிய காலம் அது. இருபது வயதுவாக்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரோடு வாசித்துப் பெயர் வாங்கிவிட்டார்.

1958இல் வந்த 'டீட்ஸ், நாட் வர்ட்ஸ்' இசைத்தட்டின் கடைசியில் அவருடைய தனி டிரம் வாசிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கான்வர்சேஷன்', அதாவது உரையாடல். பறைதல் என்ற நம் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 1966இல் வந்த 'டிரம்ஸ் அன்லிமிடெட்' தட்டில் மூன்று தனி வாசிப்புகள். தோல்கருவியின் தனி இசையைப் படிக்கிற எவரும் இன்றும் கடந்து போக முடியாத மூன்று அவை.

தனி வாசிப்பு என்ற கலை

அதில் ஒன்று 'தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்'. டிரம்மும் வால்ட்ஸ் ஆடும் என்ற தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. வால்ட்ஸ் என்பது ஐரோப்பிய மேட்டுக்குடியின் மூன்றெண் நடனம். ரோச் செய்ததைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். இசை தெரியாதவர்களும் கையால் தட்டிப் பார்க்கலாம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் வலது கால் பெரிய டிரம்மை அடிக்கிறது. இரண்டிலும் மூன்றிலும் இடது கால் இரட்டைத் தாளத்தட்டை மூடுகிறது. வாசிப்பு முழுவதும் இந்த வட்டம் மாறுவதில்லை. அதன்மேல் கைகள் ஒரு சிறிய வாக்கியம் சொல்கின்றன. சொல்லிவிட்டு நிறுத்துகின்றன. கால்கள் மட்டும் நடக்கின்றன. பிறகு கைகள் பதில் சொல்கின்றன. அந்த வாக்கியத்தையே நீட்டி, முறித்து, இடம் மாற்றி, கடைசியில் முதலில் சொன்னதற்கே திரும்புகிறார்.

வேகம் காட்டி வியக்கவைக்கும் வேலை இதில் இல்லை. ரோச்சால் மின்னல் வேகத்தில் வாசிக்க முடியும் என்று உலகத்துக்கே தெரியும். இங்கே அவர் தன் டிரம்களை உச்ச ஸ்தாயியில், ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியில் ஒலிக்கும்படி இழுத்துக் கட்டியிருக்கிறார். அதனால் அடிகளுக்குள் ஒரு மெட்டு கேட்கிறது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது அவர் விடும் இடைவெளி. அடுத்த வாக்கியம் எப்போது வரும் என்று நம்மைக் காத்திருக்க வைக்கிறார். கூட வாசிப்பவர் யாரும் இல்லாததால் அந்த மௌனத்தை நிரப்ப ஆளில்லை. நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. நிறுத்துவதும் தொடங்குவதும் அவர் விருப்பம்.

அதே தட்டில் இருக்கும் 'ஃபார் பிக் சிட்' இன்னொரு பாடம். சிட் கேட்லெட் என்ற மூத்த டிரம்மர் 1951இல், 41 வயதில் இறந்துபோனார். அவருடைய அடிகளை எடுத்து ரோச் தனி வாசிப்பாகக் கட்டினார். அவர் பெயரையே தலைப்பாக வைத்தார். பின்னாளில் 'மிஸ்டர் ஹை-ஹேட்' என்று, காலால் மூடித் திறக்கும் அந்த இரட்டைத் தட்டை மட்டும் வைத்து வாசிப்பார். ஜோ ஜோன்ஸ் என்ற முன்னோடிக்கு அது வணக்கம். பின்வரிசையில் பெயரில்லாமல் போக இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முன்வரிசைக்கு அழைத்து வந்தார். தனி வாசிப்பு என்பதால் தனியாள் புகழ் என்று அர்த்தமில்லை. தன் முன்னோரின் அடிகளை எடுத்துப் பேசும் பொறுப்பு அதற்குள் இருந்தது.

தனித்து நிற்பதற்குத் துணை வேண்டும்

திறமை இருந்தால் மேடை தானாக வரும் என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். ரோச்சின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. 1952இல் சார்லஸ் மிங்கஸோடு சேர்ந்து 'டெபியூ' என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார். தட்டு போடுவதும் விற்பதும் அடுத்தவர் கையில் இருக்கும்வரை இசையும் அடுத்தவர் கையில்தான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1960இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்கு எதிராக அதே ஊரில் இருவரும் சேர்ந்து மாற்று விழா நடத்தினார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து ஒலிப்பதுபோல ரோச் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 'வி இன்சிஸ்ட்! ஃப்ரீடம் நவ் சூட்'. அட்டையில் உணவு மேசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் கறுப்பின இளைஞர்கள். ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் சொற்கள் எழுதினார், ஆபி லிங்கன் பாடினார், நைஜீரியாவின் ஒலதுஞ்சி ஆப்பிரிக்க முழவு வாசித்தார். அதன் நடுப்பகுதி 'டிரிப்டிக்': பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி. ஒரு பெண்ணின் குரல், ஒரு டிரம். வேறு கருவி கிடையாது. லிங்கன் அதில் சொற்களே இல்லாமல் பாடுகிறார், நடுவில் அலறுகிறார். டிரம் அந்த அலறலுக்குப் பின்னணி வாசிக்காமல் சமமாக நின்று பதில் சொல்கிறது. அழகாக வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். நம்மிடம் கேட்பதில்லையா?

1961 மே மாதம் கார்னகி ஹாலில் மைல்ஸ் டேவிஸ் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, ஆப்பிரிக்க விடுதலைக்கான பதாகையோடு ரோச் மேடையில் போய் உட்கார்ந்துவிட்டார். டேவிஸ் அவருடைய நண்பர்தான். 1981இல் வந்த ஓர் இசைத்தட்டில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரை ஒலிப்பதிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் வாசித்தார். 1970இல் தாளக்கருவியாளர்கள் மட்டுமே உள்ள 'எம்பூம்' குழுவை உருவாக்கினார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து கற்பித்தார். 1988இல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். 2007 ஆகஸ்ட் 16 அன்று மறைந்தார். தனி வாசிப்பு, சொந்த நிறுவனம், சொந்த விழா, போராட்டம், கற்பித்தல் ஆகிய ஐந்தையும் அவர் வாழ்க்கையில் பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது.

ஐரோப்பிய அரங்கில்

இதே ஆண்டுகளில் ஐரோப்பியச் செவ்வியல் மரபிலும் தாளக்கருவியாளர் முன்னே வந்தார். அந்த மரபில் அவர் இசைக்குழுவின் கடைசி வரிசையில் நின்று, தன் முறை வரும்வரை நூறு எண்ணிக்கொண்டு காத்திருந்தவர். 1959இல் ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசன் ஒரே ஒரு தாளக்கருவியாளருக்காக 'சிக்லுஸ்' எழுதினார். வாசிப்பவர் கருவிகளின் வட்டத்துக்குள் நின்று சுழன்றுகொண்டே வாசிக்க வேண்டும். சுருள்கம்பியில் கட்டிய அந்த இசைப்படியை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம், தலைகீழாகவும் பிடிக்கலாம். 1975இல் செனாக்கிஸ் எழுதிய 'சாப்பா'வில் கருவிகளின் பெயரே கிடையாது. தோல், மரம், உலோகம் என்று வகை மட்டும் சொல்லி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசிப்பவரிடம் விட்டார். அந்த இசைப்படியில் பறையைத் தடுக்கும் வரி ஒன்றுகூட இல்லை.

1964இல் அமெரிக்காவின் மார்டன் ஃபெல்ட்மன் எழுதிய 'தி கிங் ஆஃப் டென்மார்க்' இன்னும் வியப்பானது. குச்சியே கூடாது. விரலாலும் கையாலும் தொட்டு, காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய மெல்லிய ஒலி மட்டும். நாஜிகள் யூதர்களை மஞ்சள் நட்சத்திரம் அணியச் சொன்னபோது டென்மார்க் அரசரும் அதை அணிந்து நடந்தார் என்று ஒரு கதை உண்டு. நடந்த வரலாறு அதுவல்ல, மக்கள் உருவாக்கிய கதைதான். அந்தக் கதையின் அமைதியான எதிர்ப்பைத் தலைப்பு நினைவூட்டுகிறது. தோல்கருவி என்றாலே சத்தம், ஆட்டம், குத்து என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இசையைக் கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். வெறுங்காலோடு மேடையில் நின்று, அதிர்வை உடம்பால் உணர்ந்து வாசிக்கிறார். தனித் தாளக்கருவியாளராகவே முழுநேர வாழ்க்கையை அமைத்துக்கொண்ட முன்னோடி அவர். யார் இசைக்கலைஞர், யாருக்குக் காது உண்டு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் அளவுகோல் அவர் முன்னால் முறிந்தது.

இவற்றையெல்லாம் மதிப்போடுதான் சொல்கிறோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இந்த அரங்குகளில் அடுக்கிவைக்கப்படும் போங்கோவும் கொங்காவும் கியூபாவின் கறுப்பின மக்கள் வளர்த்தவை. மரிம்பாவின் வேர் ஆப்பிரிக்காவில். காங்குகள் ஜாவாவிலிருந்து வந்தவை. நிகழ்ச்சிநிரலில் இசை எழுதியவர் பெயர் இருக்கும், வாசிப்பவர் பெயர் இருக்கும். கருவியைத் தந்த மக்கள்? கருவி மேடையேறிவிட்டது என்பதால் அதை உருவாக்கியவர்களும் மேடையேறிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவோ ஐரோப்பாவோ போகத் தேவையில்லை. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. அந்த நேரத்தில் ரசிகர்கள் எழுந்து கேன்டீனுக்குப் போவது சபாக்களின் பழைய நகைச்சுவை. பாடுபவருக்குக் கீழே மிருதங்கம் என்ற படிநிலை ஒன்று. அதற்கும் கீழே, கண்ணில் படாமல், மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பதம் பார்த்து மிருதங்கம் கட்டித் தருகிற தலித் கிறித்தவக் குடும்பங்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் இவர்களைப் பற்றியது. அதன் வெளியீட்டுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் புனிதமாகிவிட்டது, தோலைத் தொட்ட கை இன்னும் ஆகவில்லை.

பறைக்கு வருவோம். 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டு எழுப்பிய அலையில், பறை நம் கலைவிழா மேடைகளில் ஏறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோது சாதி போட்ட கோட்டையும் ஆண்கள் போட்ட கோட்டையும் ஒன்றாக அழித்தார்கள். 2025இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கல்லூரி விழாக்களில் பறை ஒலிக்கிறது, திரைப்படங்களில் ஒலிக்கிறது, நகரத்துப் பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். மகிழ்ச்சிதான். அதே நேரத்தில், சாவுக்கு அடிக்க வர மறுத்ததற்காகச் சேரி மக்கள் ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் வேலை மறுப்புக்கும் ஆளாகும் நிலைமை ஒழிந்துவிடவில்லை. மேடையில் கலை, ஊரில் அடிமை வேலை என்று ஒரே கருவி இரண்டு வாழ்க்கை வாழ்கிறது.

அதனால்தான் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். பறை இழிவா, பெருமையா என்று கருவியைப் பார்த்துக் கேட்டால் விடை கிடைக்காது. அடிப்பவரைப் பார்த்துக் கேட்க வேண்டும்: மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? ரோச்சின் கைகள் வாக்கியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்தக் கணம் இசை நுட்பம் மட்டுமில்லை. முழவைத் தடை செய்த மண்ணில், ஆண்டையின் கட்டளைக்கும் நடன முதலாளியின் கட்டளைக்கும் பிறகு, நிறுத்தும் உரிமையை ஒரு கறுப்பினக் கலைஞர் கையில் வைத்திருக்கும் கணம் அது. பறையை விட்டொழிக்கப் போராடியவர்களும் நிமிர்ந்து அடிக்கப் போராடியவர்களும் கேட்டது இதே உரிமையைத்தான். அடிக்க மறுத்த அப்பனும் மேடையில் அடிக்கிற மகளும் ஒரே போராட்டத்தின் இரண்டு பேர். அவர்களை எதிரெதிரே நிறுத்தி நாம் விவாதம் நடத்த வேண்டாம்.

தோழர்களே, இதிலிருந்து சில வேலைகள் நமக்கு இருக்கின்றன. மறுப்பவர் பக்கம் நிற்பது முதல் வேலை. ஒருவரை மிரட்டிச் சாவுக்கு அடிக்கவைப்பது வழக்கமோ மரபோ ஆகாது. கட்டாய உழைப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். புகார் எழுதத் தெரிந்தவர்கள் ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். அடுத்தது பெயர்களைக் காப்பாற்றுவது. உங்கள் பகுதியில் உள்ள ஆசான்களிடம் போய் உட்காருங்கள். எந்த அடியை யாரிடம் கற்றார், அதற்கு என்ன பெயர், எங்கே அடித்தார் என்று கேட்டு, அவர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். கேட்லெட்டின் அடிகளை ரோச் காப்பாற்றியதுபோல நம் ஆசான்களின் அடிகளை அவரவர் பெயரோடு காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு திரைப்பாடலில் அது ஒலிக்கும், பெயர் வேறொருவருடையதாக இருக்கும்.

மூன்றாவது, நாமே மாற வேண்டியது. நம் கூட்டங்களிலும் பறைக்குழுவை எதற்கு அழைக்கிறோம்? தலைவர் வரும்போது அடிக்க, ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க, பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க. பேச்சாளர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறோம். ஆண்டையின் பழக்கம் நம் மேடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த நிகழ்ச்சியில் ஓர் ஆசானுக்கோ ஒரு பறைக் கலைஞருக்கோ இருபது நிமிடம் தனியாகக் கொடுங்கள். அழைப்பிதழில் பேச்சாளர் பெயர் அளவுக்கே அவர் பெயரையும் போடுங்கள். என்ன சம்பளம் என்று முன்கூட்டியே பேசிக் கையில் கொடுங்கள். தோலைக் காய்ச்ச நெருப்புக்கு இடம் ஒதுக்குங்கள். அவர் அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் எடுத்ததும் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் அவர் நிறுத்தினால் கைதட்ட அவசரப்படாதீர்கள். முடித்துவிட்டாரா, இன்னும் சொல்ல இருக்கிறதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.